காலியாக வந்த தட்டு

மார்ச் 3, ஞாயிறு

கடைச் சாவியை இன்று காலை மகன் நிஜாமிடம் கொடுத்துவிட்டேன். "கொஞ்ச நாளைக்குத்தானே அத்தா" என்றான். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி என்னிடம் சரக்கு எடுத்தவர்களை நான் நிறையப் பார்த்தவன்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்போம். மருமகள் சுமையாவுக்கு ஐந்தாம் மாதம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மூடிக்கொண்டு கீழே கிடக்கிறதாம். எந்த நேரமும் உதிரம் போகலாம், கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. அப்படிப் போனால் தாங்குவதற்கு உடம்பில் ரத்தம் வேண்டும். அதுதான் இல்லை. எட்டு புள்ளி இரண்டு என்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினால் வாந்தி. ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள், உடம்பெல்லாம் தடித்துவிட்டது.

"அப்ப சாப்பாடுதான் மருந்து. சிவப்பு இறைச்சி, பச்சைக் கீரை. தினமும்" என்றார் டாக்டரம்மா. போன தடவை கலைந்த மாதிரி ஆகிவிடக் கூடாது என்று அவர் வாயால் சொல்லவில்லை. பழைய ஃபைலைப் புரட்டிய விதத்தில் சொன்னார்.

வீட்டில் பெண் துணை கிடையாது. என் சபுரா மௌத்தாகி ஒரு வருடம் ஆகிறது. வேலைக்கு வைத்த ஆள் நாலாம் நாளே நின்றுவிட்டாள். நிஜாமுக்குக் கடையைப் பார்க்கத் தெரியும், சுடுதண்ணீரைத் தவிர வேறு எதையும் அடுப்பில் வைக்கத் தெரியாது. நான் பதினேழு வயதில் பினாங்குக்கு வந்து, மசாலாக் கடை மாடியில் எட்டு ஆம்பளைகளுக்கு ஆக்கிப் போட்டவன். எதை எங்கே வைத்தால் போகும் என்று பார்ப்பதுதான் வியாபாரம். அவன் கடைக்கு, நான் அடுப்படிக்கு.

மார்ச் 4, திங்கள்

மாட்டிறைச்சி வாங்கிச் சால்னா வைத்தேன். வெங்காயத்தில் மசாலா விழுந்ததுமே அறையிலிருந்து சத்தம் வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுமையா படுத்தபடியே வாளியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

"மசாலா வாசனை அத்தா. சாரி."

மசாலா விற்றுக் கட்டிய வீடு இது. சுவரைச் சுரண்டினால் சோம்பு வரும். ஆனாலும் வாடிக்கையாளருக்கு ஒத்துக்கொள்ளாத சரக்கை நல்ல சரக்கு என்று வாதாடுகிறவன் கடையை மூட வேண்டியதுதான்.

"உங்க அம்மா வீட்ல எப்படிச் சமைப்பாங்க?" என்று கேட்டேன்.

சுமையா பிறந்தது சீன வீட்டில். இந்த வீட்டில் அந்த அம்மாவின் பேச்சை யாரும் எடுப்பதில்லை. மெதுவாக, "காய்கறிய நல்ல தீயில சட்டுனு பிரட்டி எடுப்பாங்க. இஞ்சி, பூண்டு, சோயா கிச்சாப். அவ்வளவுதான்" என்றாள்.

"இறைச்சி?"

"பன்றி போடுவாங்க." உடனே, "அது அப்ப" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். சீன வீட்டில் பன்றியைக் கழித்தால் மிச்சம் மாடு. டாக்டர் சொன்னதும் அதுதான். மாட்டிறைச்சியையும் கீரையையும் சீனர்கள் மாதிரி பிரட்டிக் கொடுத்தால் வாசனையும் இல்லை, ரத்தமும் ஏறும். சொன்னேன். "சரி அத்தா" என்றாள்.

நல்ல பிள்ளை. எதற்கும் சரி என்றுதான் சொல்வாள்.

மார்ச் 6, புதன்

நேற்று செய்தது இறைச்சியா ரப்பரா என்று தெரியவில்லை. தண்ணீர் விட்டுக்கொண்டு, நடுவில் காரட் மிதந்தது. நானே தின்று தீர்த்தேன்.

இன்று காய்கறிக்கு ஆசோவிடம் போனேன். எழுதுவதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பசாரில் வயதான சீனப் பெண்களை ஆசோ என்போம். ஆனால் எங்கள் சந்தில் ஆசோ என்றால் ஒருத்திதான், சுமையாவைப் பெற்றவள். என் கடைக்கு எதிரே இருபது வருடமாகக் காய்கறி விற்கிறாள். என் மிளகு அவள் வீட்டுக்குப் போகும், அவள் இஞ்சி என் வீட்டுக்கு வரும். அவள் மகள் சியூ லிங் நிஜாமைக் கட்டிக்கொண்டு சுமையா ஆனாள். அன்றோடு எல்லாம் நின்றது. நிக்காஹ்வுக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. நானும் வேறு கடையில் வாங்கிக்கொண்டேன். ஆனால் கைலான் கீரை என்றால் அவளிடம் இருப்பது மாதிரி யாரிடமும் இல்லை. சரக்குக்கு ரோஷம் கிடையாது.

"தவுக்கே வழி தவறி வந்துட்டீங்களா?" என்றாள், தராசைப் பார்த்தபடி. நாங்கள் பேசுவது பாதி மலாய், பாதி ஹொக்கியன் சீனம். தவுக்கே என்றால் முதலாளி.

"நல்ல சரக்கு இருக்கிற பக்கம்தான் வழி."

கைலானை எடுக்க ஆரம்பித்தாள். பூ விடாத இளசாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். தலையை நிமிர்த்தாமல், "எத்தனை மாசம்?" என்றாள்.

"அஞ்சு. எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ரத்தம் கம்மி."

"யார் சமைக்கிறா?"

"நான்தான்."

இப்போதுதான் நிமிர்ந்தாள். "தவுக்கே கரண்டி பிடிக்கிறீங்களா? பசார் பூரா சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் எவனும் எனக்கு வாடகை கட்டல."

கேட்காமலேயே ஒரு பெரிய இஞ்சித் துண்டைப் பையில் போட்டாள். பழைய நாள் மாதிரி இருந்தது. "தண்டோட தோல உரிங்க, இல்லன்னா கசக்கும். எதோட போட்டுப் பிரட்டுறீங்க?"

"மாடு. நல்ல பாத்தாங் பினாங், முதுகெலும்ப ஒட்டின துண்டு. கிலோ என்ன விலைன்னு தெரியுமா?"

அவள் கை நின்றது. "அவ சாப்பிடுறாளா?"

"ஏன் சாப்பிடாம? இப்ப எங்க வீட்டுப் பிள்ளைதானே."

ஆசோ பையை என் கையிலிருந்து வாங்கினாள். கைலானைக் குவியலிலேயே கொட்டினாள். இஞ்சியையும் எடுத்து வைத்தாள். "இன்னைக்கு வியாபாரம் இல்ல தவுக்கே" என்று சொல்லிவிட்டு முள்ளங்கியைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வருட விஷம் அப்படியே இருக்கிறது. பெற்ற பிள்ளை படுக்கையில் கிடக்கிறாள், கீரை கொடுக்க மனசு வரவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் இரட்டை விலைக்குப் பழுத்த இலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 7, வியாழன்

தொழில் தெரியாவிட்டால் தெரிந்தவனிடம் போக வேண்டும். ஹோக் என்று ஒரு சமையல்காரன், மாட்டிறைச்சி நூடுல்ஸ் விற்கிறவன், என்னிடம் மிளகு வாங்குகிறான். இறைச்சியைக் கையோடு கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். நான் வெட்டியதைப் பார்த்துச் சிரித்தான்.

நார் போகிற திசையிலேயே வெட்டியிருக்கிறேன். குறுக்கே வெட்ட வேண்டுமாம். ஃப்ரீசரில் வைத்து அரைக் கல்லாக ஆன பிறகு வெட்டினால் காகிதம் மாதிரி வரும். சோள மாவு, கிச்சாப், மிளகு, கொஞ்சம் எண்ணெய் போட்டுப் பிசைந்து வைக்க வேண்டும். சட்டியில் புகை கிளம்பும்வரை எதையும் போடக் கூடாது. "நீங்க அடுப்புக்குப் பயப்படுறீங்க தவுக்கே" என்றான். நான் பயப்படுவது அடுப்புக்கு இல்லை என்று அவனிடம் சொல்லவில்லை.

இறைச்சியை முதலில் போட்டு, நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும். அதே சட்டியில் இஞ்சி, பூண்டு, காரட், கைலான் தண்டு. கடைசியில் இலை. பிறகு இறைச்சி திரும்பி உள்ளே வரும். ஆய்ஸ்டர் சாஸ் ஒரு கரண்டி. ஹலால் முத்திரை பார்த்து வாங்கினேன்.

"உங்க வீட்லயும் இதே மாதிரித்தானா?" என்று கேட்டேன்.

"வீட்லயா? எங்க அம்மா உசுரோட இருந்தவரைக்கும் இந்தச் சட்டிய வாசல்படி தாண்ட விட்டதில்ல" என்றான். புகைதான் காரணமாக இருக்கும். கிழவிகளுக்குச் சுவர் கறுத்தால் பிடிக்காது.

மார்ச் 9, சனி

வந்துவிட்டது. இறைச்சி வாயில் வைத்தால் கரைகிறது, கைலான் பச்சை மாறாமல் நறுக்கென்று இருக்கிறது. கட்டைவிரலில் கத்தி பட்டதும் இடது கையில் எண்ணெய் தெறித்ததும் செலவுக் கணக்கு. தட்டை எடுத்துக்கொண்டு போனேன். சுமையா என் கட்டைவிரல் பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்க அத்தா, பக்கத்துல நின்னா எனக்குச் சாப்பிட வெக்கமா இருக்கு."

அரை மணி கழித்துப் போனேன். தட்டு காலி. துடைத்துவிட்டது மாதிரி காலி. கடை திறந்த முதல் நாள் ஒரு மூட்டை மிளகாய் முழுதாக விற்றபோதுகூட இவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

தினமும் காலித் தட்டு. டிஷ்யூ பெட்டி மட்டும் ஏன் இப்படித் தீர்கிறது என்று தெரியவில்லை. ஜலதோஷமா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

மார்ச் 15, வெள்ளி

உதிரம். மருத்துவமனை. ஜும்ஆத் தொழுகை தவறிவிட்டது.

மார்ச் 16, சனி

நின்றுவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் ரத்தம் எட்டு. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "உண்மையிலேயே சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தட்ட நான்தான் கழுவுறேன் டாக்டர்" என்றேன். சுமையா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். களைப்பு.

"ஏப்ரல் மூணாம் தேதி திரும்பப் பார்ப்பேன். கொஞ்சமாவது ஏறியிருக்கணும். இல்லன்னா பிரசவம் வரைக்கும் இங்கதான் படுக்கை. அடுத்த தடவை இப்படிப் போச்சுன்னா வீட்லேர்ந்து வண்டியில வந்து சேர நேரம் இருக்காது" என்றார்.

வரும் வழியில் நிஜாம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

இறைச்சியை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டேன். மதியமும் இரவும். இரண்டு தட்டும் காலி. அவள் கன்னத்தில் மட்டும் ஒரு துளி சிவப்பைக் காணோம். போட்ட சரக்கு எங்கேதான் போகிறது?

நிஜாம் சாப்பிடும்போது சொன்னான்: "பக்கத்து வீட்டுப் பூனை எலி பிடிக்கிறதையே விட்டுடுச்சு அத்தா. நம்ம சுவர்ல ஏற முடியாம வழுக்கி விழுது."

இந்தக் காலத்தில் பூனைக்கும் சோம்பேறித்தனம்.

மார்ச் 20, புதன்

மதியம் இஞ்சித் தோலைக் கொட்டப் பின்பக்கம் போனேன். சுமையாவின் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே பூனை உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் விரித்துப் போட்ட மாதிரி டிஷ்யூ. அதில் இறைச்சி. நாருக்குக் குறுக்கே, காகிதம் மாதிரி வெட்டியது, சோள மாவு மினுமினுப்போடு. என் சரக்கை எனக்குத் தெரியாதா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்தது. இன்னொரு பொட்டலத்தை மெதுவாக, சத்தம் வராமல், கீழே விட்டது.

முப்பது வருடம் வியாபாரம் செய்தவன் நான். மிளகில் பப்பாளி விதை கலந்தால் கைப்பிடியிலேயே சொல்லிவிடுவேன். என் வீட்டுக்குள், என் கண் முன்னால்.

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது. நிஜாமை வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டு நேராக பசாருக்குப் போனேன். இது அந்தப் பொம்பளை வேலை என்று நினைத்தேன். அன்றைக்குக் கீரையைத் திருப்பிக் கொட்டினாளே, அவள்தான் ஃபோனில் பிள்ளையைக் கெடுக்கிறாள்.

"பிள்ளைக்கு என்ன சொல்லி வச்சிருக்க?" என்றேன். மரியாதை எல்லாம் போய்விட்டது.

"யாருக்கு?"

"இறைச்சியச் சாப்பிடாதேன்னு நீதானே சொன்ன? ஃபோன்ல."

ஆசோ கையிலிருந்த பாகற்காயை வைத்தாள். "ரெண்டு வருஷமா அவ குரல நான் கேக்கல தவுக்கே."

"அப்புறம் ஏன் நான் செய்ற மாட்டிறைச்சிய டிஷ்யூல சுத்தி ஜன்னல் வழியாப் பூனைக்குப் போடுறா?"

"என்ன சொன்னீங்க?"

"பூனைக்குப் போடுறா. முதல் நாள்லேர்ந்து. கீரையத் தின்னுட்டு இறைச்சியப் பொறுக்கிப் பூனைக்கு."

"ஒரு துண்டுகூட அவ..."

"ஒண்ணுகூட இல்ல. அவளுக்கு ரத்தம் ஏறல, பூனைக்கு ஏறுது."

ஆசோ முட்டைக்கோஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைக் கையால் மூடவில்லை, அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வடிந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு பெண் வந்து பயத்தங்காய் என்ன விலை என்று கேட்டாள். நான்தான் விலை சொல்லி, நிறுத்துக் கொடுத்து, காசை வாங்கி அவள் டப்பாவில் போட்டேன்.

பிறகு சொன்னாள். சியூ லிங்குக்கு ஒரு வயது ஆகாதபோது காய்ச்சலில் இழுப்பு வந்து உடம்பு விறைத்துவிட்டது. மருத்துவமனையில் கை விரித்துவிட்டார்கள். ஆசோ அவளைத் தூக்கிக்கொண்டு குவான் இம் கோவிலுக்கு ஓடினாள். கருணைத் தாய் என்று சீனர்கள் கும்பிடும் சாமி. பிள்ளையை அந்தத் தாய்க்கே வளர்ப்பு மகளாகக் கொடுத்துவிட்டாள். அப்படிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் மாட்டிறைச்சி தொடக் கூடாது. பெற்றவளும் தொடக் கூடாது. பிள்ளை பிழைத்தது.

"நாங்க பன்றி தின்போம், கோழி தின்போம். மாடு மட்டும் வாசல்படி தாண்டாது" என்றாள்.

ஹோக் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது.

"அவ பேர மாத்திக்கிட்டா. பூஜைக்கு வரமாட்டேன்னா. போகட்டும். ஆனா அந்த வாக்கு நான் குடுத்தது, அவளோடது இல்ல. அதையும் தூக்கிப் போட்டுட்டாளான்னு மட்டும் எனக்குத் தெரியணும். யாரக் கேக்க முடியும்? அன்னைக்கு நீங்க வந்து மாடுன்னு சொன்னீங்க. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

சண்டை போட என்று கொண்டுபோன செய்தி. எதிரே நிற்கிறவள் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த சரக்கு அதுதான் என்று தெரியாமலே இறக்கிவைத்துவிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

இன்று சமைக்கவில்லை. வெளியிலிருந்து கஞ்சி வாங்கிவந்து சுமையாவின் அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"பூனைக்கு இனிமே இறைச்சி கிடையாதும்மா" என்றேன்.

அவள் முகத்தில் ஏற்கெனவே இருந்த கொஞ்ச நிறமும் போய்விட்டது. நெடுநேரம் போர்வை நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கைய வெட்டிக்கிட்டுச் செஞ்சீங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது? காரணம் சொன்னா... இவ இன்னும் அந்தச் சாமியத்தான் கும்பிடுறான்னு ஆகிடும்."

"கும்பிடுறியா?"

"இல்ல அத்தா." யோசிக்காமல் சொன்னாள். பிறகு யோசித்துச் சொன்னாள்: "சாமிக்கு இல்ல. அம்மா என் உசுருக்காகச் சொன்ன வார்த்தை. ஒரு தடவை மீறினேன். போன தடவை மூணாம் மாசத்துல ஒரு விருந்து. என் தட்டுல எடுத்து வச்சாங்க. எல்லாரும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க, புதுசா வந்தவ சாப்பிடுறாளான்னு. சாப்பிட்டேன். அந்த வாரமே..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

அந்த விருந்து யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றேன்.

"தெரியும் அத்தா. படிச்சவதானே நான். ஆனா இந்தத் தடவை சோதிச்சுப் பார்க்கத் தைரியம் வரல."

காலையில் முதல் போணியைக் கடனுக்குக் கொடுப்பதில்லை நான். ஒரு தடவை கொடுத்தேன். அன்று மதியம் ஷட்டர் விழுந்து கால் கட்டைவிரல் நசுங்கியது. ஷட்டர் துருப்பிடித்திருந்தது, கடன் வாங்கியவன் யோக்கியன், எல்லாம் தெரியும். இன்றுவரை கொடுத்ததில்லை.

"நிஜாமுக்குத் தெரியுமா?"

"பிடிக்காதுன்னு மட்டும் தெரியும். மாமிக்கு முழுசாத் தெரியும்."

சபுராவுக்கு. அவளுடைய கடைசி ஹஜ்ஜுப் பெருநாள் அன்று குர்பானி இறைச்சி சமைக்கும்போது அவள் ஓரமாக ஒரு சின்னச் சட்டி வைத்திருந்தாள். அது என்ன என்று நான் கேட்டதற்கு, "மருமகளுக்குக் காரம் கம்மி" என்றாள். கோழி. நாற்பது வருடத்தில் பக்கத்து வீட்டு விஷயம்கூட என்னிடம் சொல்லாமல் தூங்காதவள், இதை மட்டும் கொண்டுபோய்விட்டாள். நான் எப்படி எடுத்துக்கொள்வேன் என்று அவள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கு தப்பு என்று சொல்ல அவளும் இல்லை, எனக்கும் நிச்சயமில்லை.

எழுந்திருக்கும்போது சொன்னேன்: "மாடு நமக்கு ஹலால். தின்னே ஆகணும்னு எங்கயும் எழுதல. எனக்குச் சுரைக்காய் ஆகாது. அதுக்காக என்னை யாரும் பள்ளிவாசல்லேர்ந்து வெளிய தள்ளல."

சிரிக்கவில்லை. ஆனால் போர்வையை இழுப்பதை நிறுத்தினாள்.

ரத்தம் மட்டும் எட்டிலேயே நிற்கிறது.

மார்ச் 22, வெள்ளி

ஜும்ஆ முடிந்து ஆசோவிடம் போய் நேராகக் கேட்டேன். "வீட்டுக்கு வந்து ஒரு வேளை சமைச்சுக் குடு. நான் செஞ்சா அவளுக்கு மருந்து மாதிரி இருக்கு."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கைலானை நிறுத்துப் பையில் போட்டாள், இஞ்சியும் போட்டாள். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருந்திருந்தால் பயந்திருப்பேன்.

மார்ச் 24, ஞாயிறு

விடியும்போது துணியில் லேசாகக் கறை. படுக்கையை விட்டு அசையவிடவில்லை. மதியத்துக்குமேல் இல்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்தப் பகலைக் கழித்தோம்.

மார்ச் 25, திங்கள்

ஆசோ கடை மூடியிருக்கிறது என்று நிஜாம் சொன்னான். குவான் இம் பிறந்த நாளாம். கோவிலில் உட்கார்ந்து என்ன கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் என் முஸல்லாவில் தொழுது கேட்டேன்.

மார்ச் 27, புதன்

பத்து மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். ஆசோ. ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் புது இரும்புச் சட்டி. விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை.

"என் வீட்டுச் சட்டியில பன்றி பட்டிருக்கும். அதான்" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். அறைப் பக்கம் பார்க்கவில்லை.

"புதுச் சட்டியப் பழக்கணும். நாங்க பன்றிக் கொழுப்பு தேய்ப்போம். உங்க வீட்ல என்ன இருக்கு?"

"ஆட்டுக் கொழுப்பு."

"குடுங்க."

கொழுப்பைச் சட்டியில் தேய்த்துத் தேய்த்துப் புகையவிட்டாள். வீடெல்லாம் புகை. சபுரா இருந்திருந்தால் இரண்டு பேரையும் வெளியே தள்ளியிருப்பாள். நான் மாட்டுக்குப் பதில் ஆட்டிறைச்சியை அரைக் கல்லாக உறையவைத்து வெட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"செருப்புக்கா வெட்டுறீங்க?"

இன்னும் மெலிசாக வெட்டினேன். தீயை அவள் வைத்தாள். என் வீட்டு அடுப்பில் இவ்வளவு பெரிய தீ வரும் என்று எனக்கே தெரியாது. இஞ்சி விழுந்தது, பூண்டு விழுந்தது, இறைச்சி விழுந்தது. அவள் கரண்டி சட்டியின் ஓரத்தில் இரண்டு தட்டு, ஒரு திருப்பு, மறுபடி இரண்டு தட்டு என்று போய்க்கொண்டிருந்தது. பாத்திரக் கடைச் சத்தம் மாதிரி எனக்குப் பட்டது.

அறையிலிருந்து குரல் வந்தது.

"மா?"

ஆசோ இன்னும் இரண்டு தட்டுத் தட்டினாள். தீயை அணைத்தாள். தட்டில் கொட்டினாள். கையைக் காற்சட்டையில் முன்னும் பின்னும் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"உப்புப் பாருங்க தவுக்கே."

"சரியாத்தான் இருக்கு, போ" என்றேன். நான் பார்க்கவே இல்லை.

தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. சீனத்தில் கொஞ்ச நேரம் சத்தமாக இருந்தது. ஆசோதான் திட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்துபோனதற்கு என்று நினைக்கிறேன். இடையில் சுமையா சிரிக்கிற சத்தம். இந்த வீட்டில் அது கேட்டு எத்தனை நாள்.

இரும்புச்சத்து மாத்திரையைப் புளிப்பு பிளம் ஊறுகாயோடு சேர்த்து விழுங்கவைத்திருக்கிறாள். வாந்தி வரவில்லை. எங்கள் யாருக்கும் தோன்றாத யோசனை.

தட்டு காலியாக வந்தது. காலித் தட்டை நான் இனி நம்புவதில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே பூனை உட்கார்ந்து மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் போடவில்லை. சாயங்காலம்வரை கத்தியது.

ஏப்ரல் 3, புதன்

எட்டு புள்ளி ஒன்பது.

டாக்டரம்மா தாளை இரண்டு தடவை பார்த்தார். "இன்னும் குறைவுதான். ஆனா ஏறுது. இப்படியே போகட்டும், வீட்லயே இருக்கட்டும். என்ன குடுக்குறீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆசோ மலாயில் ஆரம்பித்துவிட்டாள். ஆட்டிறைச்சியை எப்படி வெட்ட வேண்டும் என்பதுவரை போனாள். நஞ்சு இன்னும் கீழேதான் இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி பார்ப்பார்களாம். அதுவரை ஒவ்வொரு விடியலும் துணியைப் பார்க்கிற விடியல்தான்.

காலையில் ஆசோ கடைக்குப் போவதற்கு முன் வந்து சமைத்துவிட்டுப் போகிறாள். மதியம்வரை நான் வீட்டில், பிறகு நான் கடைக்கு, நிஜாம் வீட்டுக்கு. நிஜாம் சாவியைக் கொடுத்தபோது, "கொஞ்ச நாளைக்குத்தானேன்னு சொன்னேன்ல" என்றான்.

ஃப்ரீசரில் பாத்தாங் பினாங் அரைக் கிலோ மிச்சம் இருந்தது. வீண் செய்ய மனசு வரவில்லை. வெந்நீரில் அவித்து, ஜன்னலுக்குக் கீழே பூனைக்கு வைத்தேன். வந்தது, முகர்ந்தது, தொடாமல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இஞ்சியும் ஆய்ஸ்டர் சாஸும் இல்லாமல் அதற்கு இறங்கவில்லை போலிருக்கிறது.

என் கைச் சமையலுக்கு இருந்த ஒரே வாடிக்கை. ஆசோவின் சட்டியைத் தொடாமல், என் பழைய சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.